கார்டினரின் குறிப்பட்டியல்: சில வருடங்கள் புழங்கிய பிறகு

எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் கையில் முதலில் கிடைப்பது, ஒரு குறிக்கு ஓர் ஒலி என்று 24 குறிகளைக் காட்டும் அட்டவணைதான். அதை நம்பிக் கல்வெட்டு முன் நின்றால் ஒரு வரிகூட நகராது. நான் புழங்குவது, எகிப்தியல் அறிஞர் ஆலன் கார்டினர் 1927இல் தன் இலக்கண நூலோடு வெளியிட்ட குறிப்பட்டியல். எழுநூற்றுச் சொச்சம் குறிகள்: ஆண்கள் ஏ, பெண்கள் பி, பறவைகள் ஜி என்று ஆங்கில எழுத்திட்டு வகைவகையாக, ஒவ்வொரு வகைக்குள்ளும் எண்ணிட்டு.

இதன் பலம், ஒவ்வொரு குறியும் என்னென்ன வேலை பார்க்கும் என்று சொல்லிவிடுவது. வீட்டின் தரைப்படம் ஒன்று உண்டு. கீழே ஒரு சிறு கோடு இருந்தால் அது வீடேதான். அதே படத்தோடு வாயும், நடக்கும் இரண்டு கால்களும் வந்தால் ‘வெளியே போ’. இங்கே வீட்டுக்கு வேலையில்லை. ‘ப்ர்’ என்ற ஒலிக்காக மட்டும் வந்திருக்கிறது. வாய் அந்த ‘ர்’ஐ உறுதிப்படுத்துகிறது, இன்னொரு ‘ர்’ சேர்த்துப் படிக்கக் கூடாது. கால்களுக்கு ஒலியே கிடையாது. இது நடமாட்டம் பற்றிய சொல் என்று காட்டுவதோடு சரி. உயிரொலியை எழுதாத, சொல்லுக்கு நடுவே இடம் விடாத எழுத்தில், சொல் எங்கே முடிகிறது என்பதைப் பெரும்பாலும் இந்தக் கடைசிக் குறிதான் காட்டிக்கொடுக்கும். பழகிய பிறகு கண் முதலில் தேடுவதும் அதைத்தான்.

குறை என்றால் பறவைகள். ஜி36 தகைவிலான், ‘பெரிய’ என்ற சொல்லில் வரும். ஜி37 சிட்டுக்குருவி, சிறியது, கெட்டது என்று உணர்த்தும். வித்தியாசம் வாலில் மட்டும்! தேய்ந்த கல்லில் வாலை எங்கே பார்ப்பது? பக்கத்துக் குறிகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்புறம், படத்தில் இருப்பது என்ன பொருள் என்று தெரிந்தால்தான் சரியான வகைக்கே போக முடியும். உயரமான ஒல்லிக் குறிகள், தட்டையான அகலக் குறிகள் என்று வடிவத்தை வைத்துத் தேடும் துணைப் பட்டியல்கள் இருப்பதால் பிழைத்தோம்.

கணினியில் ஜேசெஷ் என்ற இலவச மென்பொருளில் கார்டினர் எண்ணைத் தட்டினாலே குறி வந்துவிடும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் முடியும். 2009இல், கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடிலும் 1071 குறிகள் ஏறின. ஆனால் கைபேசியில் பெரும்பாலும் ஒரே வரிசையாகத்தான் நிற்கின்றன.

பட்டியல் சொல்லித் தராத ஒன்று, குறிகளின் வரிசை. துட்டன்காமுன் என்ற அரசரின் பெயரைச் செதுக்கும்போது, அதிலுள்ள ‘அமுன்’ கடவுளின் பெயர் என்பதால், மரியாதையாக முன்னால் வந்துவிடும். படிக்கும்போது அது கடைசி. இதற்கெல்லாம் நூலின் பாடப் பகுதிக்குத்தான் போக வேண்டும். பட்டியலை மட்டும் தனியாக இறக்கி வைத்திருப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.