11 வருடம் ஓடிய ஃப்ரிட்ஜ்: கூலிங் குறைந்தால் முதலில் கேஸைச் சந்தேகப்படாதீர்கள்

எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கு இப்போது 11 வயது. இத்தனை வருடத்தில் நான்கு தடவை தொந்தரவு கொடுத்திருக்கிறது. கூலிங் குறைந்த ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் முதலில் சொன்னது, "கேஸ் போயிருக்கும், ஏத்தணும்". ஒரு தடவைகூட கேஸ் போகவில்லை. ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் அந்தக் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வது கிடையாது, மூடிய குழாய்க்குள் அதேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசியும் இடத்தை அடைக்காமல் ஏற்றினால் திரும்பவும் போய்விடும்.

முதலில் வந்தது சின்ன விஷயம். மூன்றாவது வருடம் காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. ஃப்ரீசருக்குள் உருகும் ஐஸ் தண்ணீர் ஒரு துளை வழியாக இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாக வேண்டும். துளை அடைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டுச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.

ஆறாவது வருடம் வந்ததுதான் உண்மையிலேயே படுத்தியது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கிறது, கீழே பால் ஒரே நாளில் திரிகிறது. தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்தும் பயனில்லை. இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் உருவாகும் காயில் (வளைந்து வளைந்து போகும் குழாய்) ஃப்ரீசரின் பின்பக்கப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது, அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன்தான் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். காயிலில் படியும் பனியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீட்டர் உருக்கிவிட வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் பனி மூடி காற்றுப் பாதை அடைபடும், மேலே குளிரும், கீழே குளிராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். திரும்பப் போட்டதும் அருமையாகக் குளிர்ந்து, சில நாட்களில் மறுபடி அதே கதை என்றால் டிஃப்ராஸ்ட், அதாவது பனியை உருக்கும் பகுதியில்தான் கோளாறு. எங்களுக்கு ஒன்பது நாள் தாக்குப்பிடித்தது. அப்புறம் மெக்கானிக் பலகையைக் கழற்றிய போது காயில் முழுக்க ஒரே சீராக வெள்ளைப் பனி. கேஸ் குறைந்திருந்தால் அப்படி இருக்காது, கேஸ் நுழையும் பக்கம் கொஞ்சம் மட்டும் பனி பிடித்து மீதி வெறுமையாக இருக்கும். அந்த ஹீட்டருக்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றினோம், முடிந்தது.

மூன்றாவது, கதவு ரப்பர். கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது, உள்ளே சுவரெல்லாம் நீர் பூத்தது. ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சுடுநீரில் நனைத்த துணியால் ஒற்றி, கையால் இழுத்துவிட்டுக் கதவை மூடி வைத்ததில் ஒரு வருடம் ஓடியது. பிறகு புதிது மாற்றினோம்.

நான்காவது தடவை உள்ளே விளக்கு எரிகிறது, கம்ப்ரசர் ஓடவில்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். வந்தவர் கம்ப்ரசர் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்றார். மனசு கேட்கவில்லை, இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கும், அதைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலேவைக் கழற்றிக் குலுக்கிக் காட்டினார், உள்ளே கலகலவென்று உடைந்த சத்தம். ரிலே மாற்றி நான்கு வருடம் ஆகிறது, அதே கம்ப்ரசர்தான். அந்த 'டிக்' சத்தத்துக்குக் கம்ப்ரசரும் காரணமாக இருக்கலாம், ஆனால் சின்ன பாகத்தை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்வது நம் உரிமை.

இப்போது நான் தவறாமல் செய்வது இரண்டுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் ஃப்ரிட்ஜின் வெளியே பின்பக்கம் இருக்கும், சூட்டை வெளியேற்றும் காயிலில் தூசி தட்டுவேன். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் காலையில் பார்ப்பேன், 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீசர் மைனஸ் 18 இருக்க வேண்டும். கம்ப்ரசர் நின்றதும் கேட்கும் தண்ணீர் ஓடுவது போன்ற சத்தமும், பல மாடல்களில் பக்கவாட்டுச் சுவர் சூடாக இருப்பதும் இயல்புதான். அணைத்தவுடனே மறுபடி போடாதீர்கள், உள்ளே அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

ஐஸைக் கத்தியால் குத்தி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் போச்சு, அதிலும் இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ தீப்பிடிக்கும் கேஸ். அந்தக் கசிவு சுவர் ஃபோமுக்குள் புதைந்த குழாயில் ஏற்பட்டால் சரிசெய்வது மிகவும் கடினம். எங்கள் ஃப்ரிட்ஜுக்கு அப்படி ஒன்று வந்தால் மட்டும் மேலே செலவு செய்யாமல் புதிது வாங்கிவிடுவேன்.