சொக்கை மெலிய எது சரி? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

"சொக்கை குறைக்க எது நல்லது, ஊசியா ஒப்பரேஷனா?" இந்தக் கேள்வி முன்பு கொழும்பில்தான் கேட்கும். இப்போது பரந்தனிலும் கேட்கிறது, புதுக்குடியிருப்பிலும் கேட்கிறது. பெரும்பாலும் கலியாணம் நிச்சயமான வீடாக இருக்கும். கனடாவிலிருந்து வந்து நின்ற மாமி ஒருவர், "அங்கை இதெல்லாம் அரை மணித்தியால வேலை பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதன்பிறகு போனைத் திறந்தால் எல்லாம் ஒரே கடைச் சரக்குப் போலத்தான் தெரியும்: செய்ய முன் ஒரு படம், செய்த பின் ஒரு படம், கீழே ஒரு வாட்ஸ்அப் இலக்கம். ஆனால் அங்கே விற்கப்படுபவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஒன்று தசையைச் சுருக்குகிறது. ஒன்று கொழுப்பை எடுக்கிறது. ஒன்று தோலை இறுக்கப் பார்க்கிறது. இன்னொன்று எதையுமே குறைக்காமல் நாடியை நீட்டிக் காட்டுகிறது. முகம் எதனால் அகலமாக இருக்கிறது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றைப் பிடித்தால் காசு போகும், சொக்கை போகாது.

ஆகவே முதலில் கண்ணாடி. காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்புகிற மூலையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கடைவாய்ப் பற்களை இறுகக் கடியுங்கள். விரலுக்கடியில் கெட்டியாக ஒன்று எழும்பினால் அது மசெற்றர் என்கிற மெல்லும் தசை. வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள், எந்நேரமும் சுவிங்கம் மெல்லுகிறவர்கள், நித்திரையில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு இது பருத்து முகத்தைச் சதுரமாக்கிவிடும். அங்கே ஒன்றும் எழும்பவில்லை, சொக்கையின் நடுப்பகுதிதான் மெத்தென்று இருக்கிறது என்றால் கொழுப்பு. நாடிக்குக் கீழே கிள்ளினால் மடிப்புக் கையில் வருகிறதா, அதுவும் கொழுப்புத்தான். ஆனால் அது வேறு கொழுப்பு, அதற்கு வைத்தியமும் வேறு. இரண்டுமே இல்லை, எலும்பே அகலம் என்றால் கீழே சொல்லப்போகிற எதுவும் பெரிதாக உதவாது. அம்மம்மாவின் முகவெட்டு உங்களுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. இழுப்புக்கோ மூட்டு நோவுக்கோ ஸ்டீரொயிட் குளிசையை நெடுநாள் எடுத்தால் முகம் வட்டமாக ஊதும். உடம்பு வைக்கவென்று கடையில் வாங்கிப் போடுகிற சில குளிசைகளிலும் இதே சாமான் இருக்கும். அப்படிப்பட்ட முகத்துக்கு ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். மருந்து எழுதிய டொக்டரிடம் போய் அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேட்கவேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. தைரொயிட் குறைந்தாலும் முகம் வீங்கும். ஒரு பக்கச் சொக்கை மட்டும் அண்மையில் பருத்திருந்தால் பல்லா, உமிழ்நீர்ச் சுரப்பியா என்று பார்க்கவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆஸ்பத்திரிகளில் இதையெல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். கொழும்புக்கு பஸ் ஏற முன் அங்கே ஒரு நாள் வரிசையில் நிற்பது லாபம்.

சரி, தசைதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு பொட்டொக்ஸ் என்று பொதுவாகச் சொல்கிற ஊசி. அது தசைக்குப் போகிற நரம்புச் செய்தியை மறிக்கிறது, வேலை குறைந்த தசை மெல்லச் சுருங்குகிறது. ஊசி போட்ட மறுநாள் ஒன்றும் தெரியாது. ஒரு மாதத்துக்குப் பிறகுதான் வித்தியாசம் தொடங்கும், மூன்று மாதமளவில் நன்றாகத் தெரியும். நாலு முதல் ஆறு மாதத்தில் தசை பழையபடி வரத் தொடங்கும். அமெரிக்காவில் 2002 இல் இந்த மருந்துக்கு அழகுச் சிகிச்சைக்கான அனுமதி கிடைத்தது புருவ நடுவிலுள்ள சுருக்கத்துக்குத்தான். தாடைத் தசைக்குப் போடுவது டொக்டர்கள் தங்கள் பொறுப்பில் செய்கிற வேலை. இறைச்சி மெல்லக் கொஞ்ச நாள் களைக்கும். ஊசி இடம் தவறினால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். தோல் தளர்ந்த வயதில் போட்டால் தசை போன இடத்தில் தோல் தொங்குவதும் உண்டு. இவ்வளவு குறை இருந்தும் என் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம், ஏனென்றால் பிடிக்காவிட்டால் தானாகவே போய்விடும். விலையை மட்டும் ஓர் ஊசிக்கு என்று கேட்காமல் வருடத்துக்கு என்று கேளுங்கள், பஸ் காசையும் சேர்த்து.

இதற்கு நேர் எதிரில் நிற்பது சொக்கைக் கொழுப்பை வெட்டி எடுப்பது. 2022 கடைசியில் டிக்டொக்கில் அலையாக அடித்ததே, அதுதான். வாய்க்குள்ளே, கடைவாய்ப் பக்கமாகச் சின்னதாகக் கீறி, உள்ளே இருக்கிற கொழுப்புப் பொதியில் ஒரு பகுதியை இழுத்து வெட்டித் தைக்கிறார்கள். ஒரு பக்கத்தில் சராசரியாக 10 மில்லிலீற்றர் கொழுப்பு இருக்கும், முழுவதையும் எடுப்பதில்லை. விறைப்பு ஊசியோடு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், வெளியில் தழும்பு இல்லை, கொஞ்ச நாள் கஞ்சி குடித்தால் சரி. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொதியை ஒட்டித்தான் முக நரம்பின் கிளைகளும் உமிழ்நீர்க் குழாயும் ஓடுகின்றன. நாக்கால் மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே சொக்கையின் உட்புறத்தைத் தடவினால் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும், அதுதான் குழாயின் வாய். இரண்டாவது பிரச்சினை இன்னும் பெரிது: எடுத்தது எடுத்ததுதான். முகக் கொழுப்பு வயதோடு தானாகவே வற்றும். இருபத்திரண்டு வயதில் உப்பிய சொக்கை நாற்பதில் ஒட்டிப்போகும்போது, ஏற்கெனவே வெட்டி எடுத்த முகம் நோயாளி முகமாகத் தெரியும். ஊரிலே அதற்கு "என்ன பிள்ளை, சுகமில்லையோ" என்ற விசாரிப்பு வேறு. முப்பதைத் தாண்டியும் எடை குறைந்தும் சொக்கை மட்டும் குறையாத ஆள் என்றால் யோசிக்கலாம். ஒல்லியான பெட்டைக்கு, அதுவும் கலியாண அல்பத்துக்காக என்றால் என் பதில் வேண்டாம் என்பதே.

சிலர் சொக்கையைக் குறை சொல்வார்கள், உண்மையில் குற்றவாளி நாடிக்குக் கீழே இருக்கும். அங்கே கொழுப்பைக் கரைக்கிற டிஒக்சிகோலிக் அமில ஊசி இருக்கிறது. 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் நாடிக்குக் கீழே மட்டும். ஒரு மாதமாவது இடைவெளி விட்டுப் பலமுறை போடவேண்டும், ஒவ்வொரு முறையும் கழுத்து நன்றாக வீங்கும். சொக்கைக்குள்ளும் போடலாம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். இதே இடத்தில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவது ஒரே தடவையில் முடிகிற வேலை. தூரத்திலிருந்து போகிறவருக்கு, கேட்கப் பயமாக இருந்தாலும், கணக்குப் பார்த்தால் அதுவே சுகம். நாலைந்து பயணத்தை ஒன்றாக்கிவிடுகிறது.

சூட்டால் இறுக்குகிற மெசின்கள், ஹைஃபூ என்பதும் ரேடியோ அலை என்பதும், சலூன்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன. தோல் சற்றுத் தளர்ந்தவர்களுக்கு இலேசான பலன் உண்டு. மெலிந்த முகத்தில் வேண்டிய கொழுப்பையும் கரைத்துவிடக்கூடும். எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு தடை இருக்கிறது. 2009க்கு முன் பிறந்து யுத்தத்தின் கடைசி மாதங்களைக் கடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் உடம்பில் ஷெல் பீஸோடுதான் நடமாடுகிறார்கள். கழுத்தில், தாடையில், காதுக்குப் பின்னால் அரிசியளவு இரும்பு. சிலருக்கு அது இருப்பதே தெரியாது. அப்படி உலோகம் இருக்கிற இடத்தில் இந்த மெசினைப் பிடிக்கக்கூடாது. மெசின் பிடிக்கிறவர் பெரும்பாலும் "இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கா" என்று கேட்பார், பீஸ் இருக்கா என்று கேட்கமாட்டார். நீங்களாகச் சொல்லவேண்டும், சந்தேகம் என்றால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். காயத்தால் இரண்டு பக்கமும் ஒவ்வாமல் போன முகம் என்றால் அது அழகு நிலையத்தின் வேலையே இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அரச ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு போகலாம்.

தோலுக்கடியில் நூல் போட்டு முகத்தை மேலே இழுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூல் சில மாதங்களில் கரைந்துவிடும், இழுவையும் கொஞ்சக் காலத்தில் தளர்ந்துவிடும், கொடுத்த காசு மட்டும் திரும்பாது.

ஃபில்லர் வேறு கதை. நாடியிலும் தாடை ஓரத்திலும் ஹயலுரோனிக் அமில ஜெல்லை வைத்தால் கோடு தெளிவாகி, சொக்கை குறையாமலே குறைந்த மாதிரித் தெரியும். பிடிக்காவிட்டால் ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தால் கரைக்கவும் முடியும். அந்த வகையில் பொட்டொக்ஸையும் விட மேல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஜெல் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் வெளிறி, நொந்து, பிறகு கருகும். அரிதாகக் கண் பார்வையே போயிருக்கிறது. அதைக் காப்பாற்றச் சில மணித்தியாலம்தான் கிடைக்கும், அதே கரைக்கும் மருந்து கையில் இருக்கவேண்டும். பின்னேரம் கொழும்பில் ஊசியைப் போட்டுவிட்டு இரவு பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வருகிற ஆளுக்கு இரண்டு மணிக்கு எங்கோ வழியில் சொக்கை நொந்தால் யார் பார்ப்பது? 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. ஃபில்லர்தான் என்று முடிவெடுத்தால் அன்றிரவு அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து செய்கிறவர்களுக்கும் இதுதான்: திரும்புகிற டிக்கெட்டைச் சில நாள் தள்ளிப் போடுங்கள்.

இலங்கையில் எங்கே செய்தாலும் போடுகிறவர் டொக்டரா என்பதை இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. பார்லர் அக்கா எவ்வளவு கைராசிக்காரியாக இருந்தாலும் ஊசி அவருடைய வேலை இல்லை. பொட்டொக்ஸ் குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டிய சாமான். வன்னி வெயிலில், கரண்ட் போய்வருகிற இடத்தில், யாரோ பயணப் பையில் கொண்டுவந்த குப்பியை நம்பமுடியாது. 2024 இல் அமெரிக்காவிலேயே போலி மருந்தும் தவறாகக் கையாண்ட மருந்தும் ஏற்றிக்கொண்டவர்கள் பார்வை மங்கி, விழுங்கமுடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லி, லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் செய்யவே வேண்டாம். பிள்ளை வயிற்றில் இருந்தால், பால் கொடுத்தால் இவை எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள்.

தையில் கலியாணம் என்றால் தசை ஊசி ஐப்பசி பிறக்கும்போதே போட்டிருக்கவேண்டும், நாடிக் கொழுப்பு ஊசி ஆனியில் தொடங்கியிருக்கவேண்டும். மார்கழியில் யோசிக்கிற பெண்ணுக்கு மிச்சமிருப்பது மேக்கப் மட்டுமே. சொக்கை எலும்புக்குக் கீழேயும் தாடை ஓரத்திலும் தோலை விட இரண்டு நிறம் கருமையான பவுடரைத் தடவி, ஓரம் தெரியாமல் தேய்த்துவிட்டால் கமராவுக்கு ஊசிக்கும் பவுடருக்கும் வித்தியாசம் தெரியாது. கிளிநொச்சியில் மணப்பெண் அலங்காரம் செய்கிற பிள்ளைகள் இதில் கெட்டிக்காரிகள். முன்பே ஒருநாள் போட்டுப்பார்த்து, அதோடு முற்றத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்று வேர்வைக்கு எப்படி நிற்கிறதென்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.