கும்பகோணத்தில் பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம்: பேத்தியோடு போய்வரும் தாத்தாவின் மதிப்பீடு

மையத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்துகிற பெண்ணே கேட்டுக்கொண்டார். இப்போதே சாயங்கால நேரத்துக்கு இடம் இல்லையாம். அதனால் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகிற தூரம், மாடியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த மாதிரி இடங்களில் எதைப் பார்த்துக் காசு கட்ட வேண்டும் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்.

பேத்தியைச் சேர்க்கும்போது அவளுக்கு இரண்டரை வயது. இரண்டு வயதிலேயே ஐம்பது சொல்லாவது வர வேண்டும், இரண்டிரண்டு சொல்லாகச் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறார்கள். இவளிடம் ‘ம்மா’, ‘பூ’ தவிர ஒன்றும் இல்லை. ஆனால் சொன்னது புரியும், சைகையிலேயே வீட்டை ஆள்வாள். என் சம்சாரம் நாக்கில் வசம்பு தடவினாள். குழந்தை டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். சீர்காழிப் பக்கம் திருக்கோலக்காவுக்கும் போய்வந்தோம். சம்பந்தருடைய பொற்றாளத்துக்கே ஓசை கொடுத்த அம்மன், பேச்சு வராத பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். “கோயிலுக்கும் போவோம் மாமா, தெரபிக்கும் போவோம்” என்றாள் மருமகள்.

முதலில் போனது வேறொரு ஊரில் வேறொரு இடம். குழந்தையை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கையில் நட்சத்திர முத்திரை குத்தி வெளியே அனுப்புவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் “நல்லா பண்ணினா”. அதோடு ஒரு யோசனை வேறு: “வீட்டில் தமிழை விட்டுட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழப்பம் இருக்காது.” பாட்டியும் நானும் அப்புறம் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இப்போது போகிற இடத்தில் முதல் நாள் பயிற்சியே தரவில்லை, பணமும் வாங்கவில்லை. “காது டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் ஆரம்பிக்க மாட்டேன்” என்றார் மையத்தை நடத்துகிற அந்தப் பெண். கூப்பிட்டால் திரும்புகிறாளே என்றேன். ஒரு பக்கம் மந்தமாக இருந்தாலும் குழந்தை திரும்பும் தாத்தா, பார்த்துட்டு வாங்க என்று அனுப்பினார். பார்த்தால் ஒரு காதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அதைச் சரிசெய்த பிறகுதான் பயிற்சி தொடங்கியது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பெண்ணை நம்பலாம் என்று தோன்றிவிட்டது. சுவரில் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. எங்கே போனாலும் அந்த ஆர்.சி.ஐ. எண்ணைக் கேளுங்கள். படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தோடு நாலு வருஷம். ஏதோ ஒரு வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு பலகை மாட்டுகிறவர்களும் உண்டு.

இங்கே பெரியவர்களும் உள்ளே உட்கார வேண்டும். உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் விடமாட்டார். மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே காராபூந்தி. பேத்தி தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். என் கை தானாக மூடிக்குப் போனது. “இருங்க தாத்தா. மனசுக்குள்ளே பத்து எண்ணுங்க.” பத்து எண்ணுவது இவ்வளவு நேரமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழந்தை டப்பாவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மூடியைத் தட்டினாள், கடைசியில் “தெ” என்றாள். அந்தப் பெண் உடனே “திற! டப்பா திற!” என்று சொல்லிக்கொண்டே திறந்து கொடுத்துவிட்டார். சரியாகச் சொல்லு, இன்னொரு தரம் சொல்லு என்ற பேச்சே இல்லை. குழந்தை ஒரு சொல் சொன்னால் நாம் அதோடு ஒன்று சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். “இது என்ன, அது என்ன” என்று பரீட்சை வைக்கக் கூடாது. கலர் பெயர், மிருகங்கள் பெயர் எல்லாம் அப்புறம். முதலில் தா, வா, திற, ஊத்து, வேணாம்.

பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. “பச்சைப் பிள்ளையை ஏங்க விட்டுத்தான் பேச வைக்கணுமா?” என்று சண்டைக்கே போய்விட்டாள். “அழ விடாதீங்க பாட்டி, கேட்க விடுங்க” என்றார் அந்தப் பெண். இங்கிலீஷ் சமாச்சாரத்தையும் கேட்டேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது, கொஞ்சவும் திட்டவும் எந்தப் பாஷை வருமோ அதிலேயே பேசுங்கள் என்றார். அன்றிலிருந்து பாட்டி அவர் கட்சி.

எங்களுக்கு முந்தின நேரத்தில் வருகிற பையனுக்குப் பேச்சு வரவில்லை. டேப்லெட்டில் படத்தைத் தொடுவான், அது தமிழில் பேசும். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி. படத்தைக் கொடுத்தால் வாயைத் திறக்கவே மாட்டானோ என்று அவன் அம்மாவுக்குப் பயம். படம் பேச்சைத் தடுக்காது, தனக்கு வேண்டியதைச் சொல்ல வழி இருந்தால் பிள்ளையின் கோபம்தான் குறையும் என்று அந்தப் பெண் அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

காதில் விழுந்தது என்றால், அதுதான் முதல் குறை. அறைகளுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு. பக்கத்துப் பிள்ளை அழுதால் நம்ம பிள்ளைக்குக் கவனம் போய்விடும். மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். ஒரு தடவைக்கு 500 ரூபாய், மாதத்துக்கு மொத்தமாக முன்பணம். காய்ச்சலில் போகாவிட்டால் அந்த நாள் போச்சு, மாற்று நாள் கிடையாது. ஏறினவரிடம் மட்டும் காசு வாங்கி முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் பையைச் சுமந்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. மாதாந்திர அறிக்கை முழுக்க இங்கிலீஷில் வருகிறது. வீட்டில் பயிற்சி தருவது நானும் பாட்டியும், படித்துச் சொல்ல மருமகள் பேங்கிலிருந்து வர வேண்டும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். பேத்தி இப்போது “தாத்தா வா”, “பால் வேணாம்” என்கிறாள். ‘ர’ இன்னும் வரவில்லை. அந்த எழுத்து எல்லாப் பிள்ளைக்கும் மெதுவாகத்தான் வருமாம்.

500 ரூபாய் கட்ட முடியாதவர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சின்ன வயதிலேயே கவனிக்கிற டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். 2013இல் வந்த குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடக்கும் மையம், கட்டணம் கிடையாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு நிராமயா என்ற காப்பீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும்.