ரிஸ்ட் பெல்ட் வாங்கப் போகிறீர்களா? எந்த வலிக்கு எந்த ஸ்ப்ளின்ட்

மெடிக்கல் ஷாப்பில் போய் "மணிக்கட்டு வலிக்குது" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது கட்டைவிரலை நுழைக்க ஒரு வளையம் வைத்த எலாஸ்டிக் பட்டையைத்தான். விலை குறைவு, இரண்டு கைக்கும் பொருந்தும். லேசான சுளுக்கு ஆறிவரும் நாட்களில், பைக் ஓட்டும்போதோ பை தூக்கும்போதோ ஒரு பிடிமானத்துக்கு அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மூட்டை அசையாமல் நிறுத்தும் பலம் அந்தத் துணிக்குக் கிடையாது. கை மரத்துப்போகிறவர்கள் அதை இறுக்கிச் சுற்றிக்கொண்டு தூங்குவதுதான் பெரிய தவறு. ஏற்கெனவே நெருக்கப்படும் நரம்பை இன்னும் நெருக்குவதாகிவிடும்.

இரவில் மரத்துப்போகும் கைக்கு வாங்க வேண்டியது, உள்ளங்கைப் பக்கம் அலுமினியப் பட்டை வைத்த நீள ஸ்ப்ளின்ட், அதாவது மூட்டை அசையாமல் பிடிக்கும் தாங்கி. மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே ஓடும் தடித்த நாருக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை இருக்கிறது. 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. மணிக்கட்டை முன்னால் மடக்கினாலும் பின்னால் வளைத்தாலும் அந்தப் பாதைக்குள் அழுத்தம் ஏறும். நேராக வைத்தால் குறையும். தூக்கத்தில் கை தானாக மடங்கிக்கொள்வதால்தான் நடு இரவில் எழுந்து கையை உதறுகிறோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி: இந்தக் கணக்கில் மரத்தால், அந்தப் பாதைக்குள் மீடியன் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டனல் கோளாறு என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் அதை ஒட்டிய பகுதியும் மட்டும் மரத்தால் அது வேறு நரம்பு. கோளாறு பெரும்பாலும் முழங்கையில் இருக்கும், இந்த ஸ்ப்ளின்ட் அதற்கு உதவாது.

ரெடிமேட் ஸ்ப்ளின்ட்களில் பலவற்றுக்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் பட்டை மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்துப் பிடிக்கும்படி வளைந்து வருகிறது. பொருளைப் பிடித்து வேலை செய்ய அந்தக் கோணம் நல்லது, கார்ப்பல் டனலுக்கு நல்லதல்ல. உறையிலிருந்து பட்டையை உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கி, திரும்பச் செருகுங்கள். மாட்டிய பிறகு பக்கவாட்டில் பார்த்தால் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இந்த 2 நிமிட வேலையைச் செய்யாததால்தான் "மாட்டினேன், பலனில்லை" என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

அளவு விஷயத்தில் ஆள் உயரத்தைப் பார்க்காதீர்கள். தையல் டேப்பால் மணிக்கட்டின் சுற்றளவை அளந்து எடுங்கள். ஸ்ப்ளின்டின் மேல் விளிம்பு, விரல்களுக்குக் கீழே உள்ளங்கையில் ஓடும் ரேகைக்கு முன்பே நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டினால் விரல்களை முழுதாக மடக்க முடியாது, விரல்கள் விறைத்துக்கொள்ளும். வெல்க்ரோவை ஒட்டிய பிறகு அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு இடம் இருக்கட்டும். நம் ஊர் வியர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்தி உறை போடாவிட்டால் தோல் அரிக்கும். துவைக்கும்போது பட்டையை எடுத்துவிட்டு, வெல்க்ரோவை மூடி, கையால் அலசுங்கள். தினமும் இரவு முழுதும், 6 வாரம். கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, கையில் எடுத்தது நழுவி விழுந்தாலோ, பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ அந்த 6 வாரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. நரம்புப் பரிசோதனை உடனே தேவை.

கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் தம்ப் ஸ்பைகா, டி குவெர்வேன் வலிக்கானது. 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேனின் பெயர்தான் நோய்க்கு நிலைத்தது. மணிக்கட்டின் கட்டைவிரல் ஓரத்தில் 2 தசைநாண்கள் போகும் உறை தடித்துப்போவதே காரணம். கைக்குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கும் தாய்மாருக்கு இது அடிக்கடி வரும். துணி பிழியும்போது சுரீர் என்று இழுக்கும். குட்டையான ஸ்பைகாவை வாங்கி ஏமாற வேண்டாம். அது கட்டைவிரலின் அடி மூட்டுத் தேய்மானத்துக்கானது, மணிக்கட்டை விட்டுவிடும். முன்கைவரை நீண்டது வேண்டும், கட்டைவிரலின் நுனி மூட்டு வெளியே அசைய வேண்டும். மாட்டிய நிலையில் கட்டைவிரல் நுனியால் ஆள்காட்டி விரல் நுனியைத் தொட முடிந்தால் பொருத்தம் சரி. ஓரத்து எலும்பு முனையில் பட்டை அழுத்தினால் கட்டைவிரலின் புறப்பக்கம் மரக்கும், பட்டையை அங்கே சற்று வெளியே வளைத்து விடுங்கள். முதல் 3, 4 வாரம் பகலும் இரவும் போட்டு, ஒரு நாளைக்குச் சில தடவை கழற்றி வலிக்காத அளவுக்கு மட்டும் அசைக்கலாம். குழந்தையைத் தூக்கும் விதத்தை மாற்றாமல் ஸ்ப்ளின்ட் மட்டும் போட்டால் வலி திரும்ப வரும்: உள்ளங்கை மேலே பார்க்க, முன்கையைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் கொடுத்து ஏந்துங்கள். வலி அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. எண்ணெய் போட்டு அந்த இடத்தை அழுத்தி உருவுவது வீக்கத்தைக் கூட்டும்.

விரல் நுனியில் பந்து பட்டு நுனி மூட்டு தொங்கிப்போனால், சிறிய பிளாஸ்டிக் மேலட் ஸ்ப்ளின்ட். விலைக்கு இதைவிட மதிப்புள்ள பொருள் இந்தப் பட்டியலில் இல்லை. 6 முதல் 8 வாரம் இடைவிடாமல் போட வேண்டும். கழுவக் கழற்றும்போது விரலை மேசையில் நேராக வைத்திருங்கள். ஒரு முறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

எதையும் வாங்காமல் எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டிய அடி ஒன்று உண்டு. கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தெரியும் பள்ளத்தை அழுத்தும்போது வலித்தால், அது ஸ்கேஃபாய்டு என்ற சிறிய மணிக்கட்டு எலும்பின் முறிவாக இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதனால் கையை அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் போகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகலாம். சுளுக்கு எடுக்கிறவரிடம் இந்தக் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்ப்ளின்டோடு சேர்த்து விற்கும், கையால் அமுக்கிப் பயிற்சி செய்யும் ஸ்பிரிங் கிரிப்பரை வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். மரக்கும் கையிலும், டி குவெர்வேனிலும், மடங்கி மாட்டிக்கொள்ளும் விரலிலும் அது வலியைக் கூட்டும். மாவுக்கட்டு பிரித்த கைக்கு முதல் தேவை பலமல்ல, அசைவு. வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வைத்து, விரல்களை நேராக்கி, கொக்கிபோல் மடக்கி, பிறகு முழுதாக மூடி, ஒவ்வொன்றையும் 10 தடவை, நாளைக்கு 3 வேளை செய்யுங்கள். முழு மூடல் வலியின்றி வந்த பிறகு மென்மையான தெரபி புட்டி, அதாவது கைப்பயிற்சிக்குப் பிசையும் களிமண் போன்ற பொருள். கிடைக்காத ஊரில் தளரப் பிசைந்த சப்பாத்தி மாவு போதும். கூடவே 5 விரல்களையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு விரியுங்கள், ஏனென்றால் புட்டியையோ மாவையோ அமுக்குவதால் கையை மூடும் தசை மட்டுமே வளர்கிறது. கட்டு பிரித்த கை வீங்கிப் பளபளத்து, தொட்டாலே எரிந்தால் பயிற்சியைக் கூட்டாமல் மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள்.