பெரிய படத்தைத் துண்டு போட்டு ரெண்டர் செய்த மூன்று வருஷம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் வானம் கறுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படி ஒரு நாளில் கரண்ட் போய், பதினொரு மணி நேரம் ஓடிய ரெண்டர் (முப்பரிமாண மாதிரியைக் கணினி கணக்கிட்டுப் படமாக்குவது) முடியும் தறுவாயில் காணாமல் போனது. பக்கத்துத் தோட்டக் கோயிலில் எழும்பவிருந்த கோபுரத்தை மண்டபச் சுவர் நிறையக் காட்டும் படம் அது; இருபது அடிக்குப் பத்து அடி. அன்றிலிருந்து பெரிய படம் எதையும் நான் ஒரே மூச்சில் ரெண்டர் செய்வதில்லை.

அங்குலத்துக்கு 100 புள்ளி வைத்தால் அந்தப் படம் 24,000 × 12,000, அதாவது 28.8 கோடி பிக்சல். பிக்சலுக்கு நான்கு சேனல், சேனலுக்கு 4 பைட் என்று பார்த்தால் நிறத்துக்கு மட்டும் 4.6 ஜிபி. டீநாய்ஸ் செய்ய, அதாவது படத்தின் புள்ளிச் சொரசொரப்பை நீக்க, தேவையான ஆல்பிடோ (பரப்பின் சொந்த நிறம்), நார்மல் (பரப்பு நோக்கும் திசை) பாஸ்கள் என்ற துணைப் படங்களும் சேர்ந்தால் என் 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு எப்படித் தாங்கும்? (சாலையோர பேனருக்கு இதில் பாதிப் புள்ளியே போதும். மண்டபத்தில் மக்கள் கிட்டே நின்று பார்ப்பார்கள்.)

நான் பயன்படுத்தும் 3டி மென்பொருள் பிளெண்டர். 2021 டிசம்பரில் வந்த அதன் 3.0 முதல், அதிலுள்ள ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸ் தானாகவே படத்தை 2048 பிக்சல் டைல்களாக (சதுரத் துண்டுகளாக) பிரித்து வட்டில் எழுதி, கடைசியில் சேர்த்துக்கொள்கிறது. கார்டின் மெமரிக்கு அது நல்ல தீர்வு. ஆனால் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர அதில் வசதி இல்லை. அதனால் நானே, படத்தின் ஒரு பகுதியை மட்டும் ரெண்டர் செய்யும் ரெண்டர் ரீஜன் வசதியை வைத்து 4 × 4 என்று பதினாறு துண்டாக்கினேன். துண்டு ஒன்று 6000 × 3000, ஒவ்வொன்றும் தனி இஎக்ஸ்ஆர் படக் கோப்பு. சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று வரிசையாக ஓட்டும். கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தத் துண்டைத் தாண்டிவிடும். இத்தனை நாளில் எனக்கு அதிகம் உதவியது அந்த ஒரு வரிதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துண்டு போட்டால் படத்துக்கான மெமரிதான் குறையும். சிலைகளின் ஜியாமெட்ரியும் (வடிவம்) டெக்ஸ்சரும் (மேற்பரப்புப் படங்கள்) ஒவ்வொரு துண்டுக்கும் முழுசாகவே ஏற வேண்டும். காட்சியே கார்டில் ஏறவில்லை என்றால் நூறு துண்டு போட்டும் பயனில்லை. ஏற்றும் நேரமும் சேரும்: எனக்கு நான்கு நிமிடம், பதினாறு தடவை. ஏற்றியதை மெமரியிலேயே வைத்திருக்கும் பெர்சிஸ்டென்ட் டேட்டாவைப் போட்ட பிறகு அது வெகுவாகக் குறைந்தது.

என்னை உண்மையில் வாட்டியது இணைப்புக் கோடு. முதல் படத்தில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே டீநாய்ஸ் செய்து ஒட்டினேன். என் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அச்சடித்துச் சுவரில் ஏற்றியதும் கோயில் தலைவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “தம்பி, முருகன் கன்னத்துல என்ன கோடு?” என்றார். மூக்குக்குக் கீழே, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு. அதற்கு மேலே சுதை வழவழவென்று இருந்தது, கீழே லேசாகச் சொரசொரத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. டீநாய்ஸர் விளிம்பில் அடுத்த துண்டின் பிக்சலைப் பார்க்க முடியாது. போதாததற்கு, கொடுத்த படத்தின் சராசரி வெளிச்சத்தை வைத்தே தன் அளவைத் தீர்மானிக்கிறது. மேல் துண்டில் பெரும்பாலும் வானம், கீழ்த் துண்டில் பெரும்பாலும் மாடத்து நிழல்; இரண்டுக்கும் விடை வேறுவேறாகத்தானே வரும்?

இப்போது துண்டுகளை டீநாய்ஸ் இல்லாமலே சேமிக்கிறேன். ஒட்டி முடித்த பிறகு, முழுப் படத்துக்கும் இன்டெலின் ஓபன் இமேஜ் டீநாய்ஸ் என்ற டீநாய்ஸரை பிளெண்டருக்கு வெளியே ஒரே தடவை ஓட்டுகிறேன். நிறம், ஆல்பிடோ, நார்மல், விடை எல்லாம் சேர்த்துச் சுமார் 14 ஜிபி பிடிக்கும். என் 32 ஜிபி ராமில் அடங்கிவிடுகிறது. விளக்கொளியின் கிளேரும் அதற்குப் பிறகுதான், இல்லாவிட்டால் ஒளிவட்டம் துண்டின் விளிம்பில் அறுந்து நிற்கும்.

போன மாதம் இன்னொரு கோயில் படம். ஒன்பதாவது துண்டு ஓடும்போது இடி இடித்து, வீடே இருண்டது. சாப்பிட்டு முடித்தபோது கரண்ட் வந்தது. கணினியைத் திறந்து ஸ்கிரிப்டை ஓட்டினேன்; எட்டுத் துண்டைத் தாண்டி ஒன்பதில் தொடங்கியது.