செயல்வழிக் கற்றல் அட்டைகள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மதிப்புரை

ஈராசிரியர் பள்ளிகளில் புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்கள் சிலர், பிள்ளை தன் வேகத்தில் தானே படித்துச் செல்லும் செயல்வழிக் கற்றல் முறையின் பழைய அட்டைகள் வைப்பறையில் கிடப்பதாகவும் அவற்றை இனியும் பயன்படுத்தலாமா என்றும் என்னிடம் கேட்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் அந்த அட்டைகள் வந்திறங்கிய நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அவற்றோடு பழகியவன் என்ற முறையில், தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பதே என் பதில்.

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை இது. எம்.பி.விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. முதல் நான்கு வகுப்புகளின் பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டையும், அதில் ஒரு லோகோவும், அதாவது சிறு படக்குறியும், எண்ணும் இருக்கும். சுவரில் தொங்கும் ஏணிப்படி என்ற விளக்கப்படத்தில் அதே லோகோக்கள் வரிசையாக இருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூடத் தன் அடுத்த அட்டை எது என்று தானே கண்டுபிடித்துவிடும்.

இதன் பெருமை எனக்கு விளங்கியது ஒரு கரும்பு வெட்டுப் பருவத்தில். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பெற்றோருடன் வெளியூர் போய் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத் திரும்பினான். முன்பெல்லாம் அப்படித் திரும்பும் பிள்ளை, வகுப்பு எட்டுப் பாடம் தாண்டிப் போயிருப்பதைப் பார்த்துக் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்காரும். அடுத்த மாதம் வராமலே நின்றுவிடும். இவன் நேரே ஏணிப்படியின் முன் போய் நின்றான். விரலை மேலிருந்து கீழாக நகர்த்தி, தான் விட்டுப்போன லோகோவில் நிறுத்தி, அட்டைகள் வைத்திருந்த தட்டிலிருந்து அந்த அட்டையை உருவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். யாரும் அவனை ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே இந்தத் தொகுப்புக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கீழ்மட்டக் கரும்பலகையையும் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரின் அடிப்பகுதியில், குழந்தை தரையில் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்துக் கறுப்பு வண்ணம் பூசினோம். தன் பெயர் எழுதிய கட்டத்தை மாலையில் பாவாடை நுனியால் துடைத்துவிட்டுப் போகும் சிறுமிகளைப் பார்த்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து பள்ளியை நடத்த எனக்கு மனம் வரவில்லை. நானும் பாயில் உட்காரத் தொடங்கினேன். எந்தப் பிள்ளை எந்த அட்டையில் மூன்று நாளாக நிற்கிறது என்பது பதிவேட்டைவிட அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. தலைமைப் பணி பற்றி நான் கலந்துகொண்ட பயிற்சிகள் எவையும் கற்றுத்தராததை அந்தப் பாய் கற்றுத்தந்தது.

குறைகள் உண்டு. அட்டைகள் இரண்டு ஆண்டுகளில் முனை மடங்கின. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படியே இல்லாமல் போயிற்று. பதிலுக்கு நாங்களே காலண்டர் அட்டையின் பின்புறத்தில் எழுதிச் சமாளித்தோம். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகாத பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் கலங்கியதும் நியாயமே. என்னை மிகவும் வருத்தியது வேறு: பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிட வகுப்பறையின் மேலே கட்டிய கம்பிப்பந்தலில் எத்தனை தாள் தொங்குகிறது என்று எண்ணினாரே தவிர, ஒரு தாளைக்கூடப் படிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆசிரியைகள் எண்ணிக்கைக்காகத் தாள் தொங்கவிட்டார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டியவன் நான். தடுக்க எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல் கொடுக்கிறார்கள். பிள்ளை தன் நிலையிலிருந்து தொடங்கலாம் என்ற கொள்கை இரண்டுக்கும் பொது. நூலைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக முடிவது நல்ல முன்னேற்றம். ஆனால் நடுவில் ஒரு மாதம் விட்டுத் திரும்பும் பிள்ளைக்குத் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள, ஏணிப்படியும் தட்டும் அளவுக்குத் துணை வேறில்லை என்பது என் அனுபவம். இடப்பெயர்ச்சிக் குடும்பங்கள் மிகுந்த ஊர்களில் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வைப்பறைக் கட்டைப் பிரிக்கும்போது முதலில் கணித அட்டைகளை எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அதிகம் தொலைந்தவை அவையே. பாடத்திட்டம் மாறிவிட்டதால் மேல் வகுப்பு அட்டைகளில் பல இன்று பொருந்தமாட்டா. ஒன்றாம், இரண்டாம் வகுப்பின் எழுத்து அட்டைகளும் எண் அட்டைகளும் இன்றைக்கும் பழுதின்றி உதவும். ஏணிப்படி கிழிந்திருந்தால் புதிதாக எழுதி, குழந்தையின் கண் மட்டத்துக்கு மாட்டுங்கள்; எங்கள் பள்ளியில் முதல் மூன்று மாதமும் அதை என் கண் மட்டத்தில்தான் மாட்டியிருந்தேன்.