அடம்பிடிக்கும் அம்பாசடர் எஞ்சினுக்கு ஒரு வேக்கம் கேஜ்

பழைய அம்பாசடரைப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சினை இறக்கி, போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தலைவலி. ஸ்டார்ட் ஆகும், நிற்காது. நின்றால் ஸ்லோ ஸ்பீடில் குலுங்கும். ரேஸ் கொடுத்தால் கார்ப்பரேட்டர் வழியே துப்பும். உடனே பாயிண்ட், கண்டென்சர், காயில், கார்ப்பரேட்டர் கிட் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் பணம்தான் கரையும். எதையும் மாற்றுவதற்கு முன் வாங்க வேண்டியது ஒரு வேக்கம் கேஜ். கார்ப்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில், அதாவது இன்லெட் மேனிஃபோல்டில், எஞ்சின் இழுக்கும் இழுப்பை அளக்கும் கருவி இது. ஃப்யூயல் பம்ப் டெஸ்டரும் சேர்ந்த கிட்டாக, ரப்பர் ஹோஸ், இரண்டு மூன்று டீ (மூவழி இணைப்பு), பித்தளை நிப்பிள்களோடு ஓர் அட்டைப் பெட்டியில் கிடைக்கிறது. ஆன்லைனிலும் டூல்ஸ் கடைகளிலும் பல பெயர்களில் வருவது ஏறக்குறைய ஒரே பொருள்தான்.

இந்த விமர்சனம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக வந்த 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சினை மனதில் வைத்தது. இசுசு எஞ்சின் வண்டிக்கு அளவுகள் வேறு.

டயல் 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 2 அங்குல டயலில் ரீடிங்கில் வரும் ஓர் அங்குல வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஸ்கேல் 0 முதல் 30 பாதரச அங்குலம் வரை இருக்கும் (ரீடிங்கில் அங்குலம் என்றால் இதுதான்), மறுபக்கம் ஃப்யூயல் பம்பின் அழுத்தத்துக்கு 0 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை. டயலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை போட்டு 'நல்லது', 'கோளாறு' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்தப் பட்டைகள் கடல்மட்டத்துக்குப் போட்டவை. ஆயிரம் அடி ஏறினால் ரீடிங் சுமார் ஓர் அங்குலம் குறையும். சென்னையில் 19 காட்டும் நல்ல எஞ்சின் ஊட்டியில் 12 தான் காட்டும். அங்கே அதைப் பார்த்து வால்வைக் கழற்றினால் வேலையும் கேஸ்கெட்டும் வீண்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கறாராகப் பாருங்கள்: உள்ளே கிளிசரின் நிரப்பிய கேஜ் வேண்டாம். முள் ஆடாமல் அழகாக நிற்கிறது என்று சொல்லி விற்பார்கள். நமக்கு வேண்டியதே அந்த ஆட்டம்தான். ஸ்லோ ஸ்பீடு 600 ஆர்.பி.எம். என்றால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 5 முறை திறந்து மூடுகிறது. அதில் ஒன்று சரியாக உட்காராவிட்டால் முள் நொடிக்கு 5 முறை சட்டென்று இறங்கி ஏறும். கிளிசரின் அந்த இறக்கத்தை விழுங்கிவிட்டு சராசரியை மட்டும் காட்டும். 'கொஞ்சம் குறைவு' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உலர்ந்த கேஜில் முள் தாங்க முடியாமல் துடித்தால், ஹோஸுக்குள் 1 மி.மீ. துளை உள்ள பழைய கார்ப்பரேட்டர் ஜெட் ஒன்றைச் செருகிப் பாருங்கள். முதலில் ஜெட் இல்லாமல், பிறகு ஜெட்டோடு என்று இரண்டு முறை பார்ப்பதே முறை.

புதுக் கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. 2 மீட்டர் கண்ணாடி டியூபின் ஒரு முனையை வாளித் தண்ணீரில் விட்டு, மேல் முனையில் டீ போட்டு, ஒரு கிளையில் கேஜ், மறு கிளையில் வாய். தண்ணீர் 54 அங்குலம் ஏறும்வரை உறிஞ்சிப் பிடித்தால் முள் 4 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் தள்ளி நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். டெல்கோவுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு, போகும் மெல்லிய வேக்கம் பைப்பைக் கழற்றி அங்கே கேஜை மாட்டினால் ஸ்லோ ஸ்பீடில் பூஜ்யமோ அதற்குப் பக்கத்திலோதான் காட்டும். அந்த பைப் கார்ப்பரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்கு வெளிப்பக்கத்திலிருந்து வருவது, தகடு மூடியிருக்கும்போது அங்கே இழுப்பு இராது. கேஜ் இன்லெட் மேனிஃபோல்டிலேயே அமர வேண்டும். பிரேக் பூஸ்டர் உள்ள பின்னாளைய வண்டிகளில் பூஸ்டர் பைப்பில் டீ போடலாம். பழைய வண்டியில் மேனிஃபோல்டில் பிளக் அடைத்த துளை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் 8.8 மி.மீ. துளை போட்டு, 1/8 அங்குல பி.எஸ்.பி. டேப் ஓட்டி நிப்பிள் மாட்டலாம். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளைக்க வேண்டும். மேலே இருக்கும்போதே துளைத்தால் உலோகத் துருவல் நேராகப் புது ரிங்கில் போய் விழும்.

எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றாலும் கேஜுக்கு வேலை உண்டு. காயிலுக்கு வரும் சிறிய வயரைக் கழற்றிவிடுங்கள். ஹைடென்ஷன் வயரை மட்டும் பிடுங்கித் தொங்கவிட்டால் காயில் கெடும். த்ராட்டில் முழுக்க மூடும்படி ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைப் பின்வாங்கி, செல்ஃப் அடியுங்கள். முள் 2 முதல் 5 அங்குலம் வரை எங்காவது ஒரே சீராகத் துடித்தால் எஞ்சின் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். பிறகு பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் பாருங்கள். ஒரு துடிப்பு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் விட்டுப்போனால் ஒரு சிலிண்டரில் கோளாறு. முள் அசையவே இல்லையென்றால் த்ராட்டில் மூடவில்லை, பெரிய ஏர் லீக் இருக்கிறது, இல்லையேல் டைமிங் செயின் மாறி உட்கார்ந்திருக்கிறது. புதிதாகக் கோத்த எஞ்சினில் இந்த மூன்றாவதைத் தயங்காமல் சந்தேகியுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் உள்ள புள்ளிகள் ஒன்றை ஒன்று பார்த்து, இரண்டு ஷாஃப்ட் மையங்களை இணைக்கும் கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிவிட்டாலும் எஞ்சின் ஓடும், ஆனால் முள் அசையாமல் 8 முதல் 14-க்குள்ளேயே நிற்கும். எந்த கார்ப்பரேட்டர் கிட்டும் அதைச் சரிசெய்யாது.

ஓடுகிற எஞ்சினை நன்றாகச் சூடாக்கி ஸ்லோ ஸ்பீடில் பாருங்கள். 17 முதல் 21 வரை முள் நிலையாக நின்றால் நலம். நிலையாக, ஆனால் 14 முதல் 17 வரை நின்றால் பெரும்பாலும் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது. முதலில் பாயிண்ட் இடைவெளியை 15 தௌவுக்கு (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ.க்கு வையுங்கள், இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு டெல்கோவைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் முள் ஏறும். உச்சம் வரை திருப்பி அங்கேயே இறுக்குவது தவறு. உச்சத்திலிருந்து அரை முதல் ஓர் அங்குலம் இறங்கும்படி பின்வாங்கி இறுக்கி, மேட்டில் டாப் கியரில் ஓட்டி நாக்கிங் (எஞ்சின் தட்டும் சத்தம்) வருகிறதா என்று கேட்க வேண்டும்.

முள் சீரான இடைவெளியில் 3, 4 அங்குலம் இறங்கி ஏறினால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. கழற்றுவதற்கு முன் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள், புதுப்பித்த எஞ்சினில் டேப்பட் இறுக்கமாக விடப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். அளவு 15 தௌ. எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு: 8-ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ வையுங்கள், 7 திறந்திருக்கும்போது 2-ஐ, இப்படியே கூட்டுத்தொகை 9 வரும்படி. ஸ்லோ ஸ்பீடில் வேகமாக நடுங்கி, ரேஸ் கொடுத்தால் நடுக்கம் நின்றுபோனால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்க நடுக்கம் கூடினால் ஸ்ப்ரிங் தளர்ந்தது. முள் 5-க்கும் 19-க்கும் இடையே அகலமாக ஊசலாடினால் ஹெட் கேஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே போயிருக்கிறது. ஒழுங்கில்லாமல் எப்போதாவது விழுந்தால் பிளக், வயர், டெல்கோ மூடி இவற்றைப் பாருங்கள்.

புதுப்பித்த பி.எம்.சி. எஞ்சினில் அதிகம் ஏமாற்றுவது ஏர் லீக். முள் நிலையாகவே நிற்கும், ஆனால் 5, 10 என்று தாழ்வாக. இதற்குக் காரணம் இந்த எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம். ஒரே கேஸ்கெட். நடு ஸ்டட்களில் உள்ள தடித்த வாஷர்கள் ஒரு பாதியால் இன்லெட் காதையும் (மேனிஃபோல்டிலிருந்து நீண்டிருக்கும் விளிம்பு) மறு பாதியால் எக்ஸாஸ்ட் காதையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒரு வண்டியின் இன்லெட்டையும் வேறொரு வண்டியின் எக்ஸாஸ்ட்டையும் சேர்த்து மாட்டினாலோ, ஒன்றை மட்டும் லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடித்தாலோ, காதுகளின் தடிமன் மாறிவிடும். வாஷர் சாய்ந்து தடித்த பக்கத்தை மட்டும் அழுத்தும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் மெல்லிய பக்கம் காற்றுப் பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு காதுகளையும் வெர்னியரில் அளந்து சமமாக்குங்கள், இரண்டையும் சேர்த்தே ஃபேஸ் அடியுங்கள். மட்டப்பலகையோடு ஃபில்லர் கேஜ் வைத்தால் 4 தௌ நுழையக் கூடாது. மேனிஃபோல்டுகள் தங்களுக்குள்ளும் போல்ட் போட்டவையாக இருந்தால், அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி வைத்துக்கொண்டு முதலில் ஹெட்டில் இறுக்கி, பிறகே அவற்றை இறுக்க வேண்டும்.

லீக் எங்கே என்று தேட கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் இந்த எஞ்சினில் ஆபத்து. கீழேயே சுடச்சுட எக்ஸாஸ்ட் இருக்கிறது, தீப்பிடிக்கும். எண்ணெய்க் குப்பியில் எஞ்சின் ஆயில் எடுத்து ஒவ்வோர் இணைப்பிலும் ஓரிரு சொட்டு விடுங்கள். எக்ஸாஸ்ட்டில் சொட்டக் கூடாது. காற்றுப் பிடிக்கும் இடத்தில் ஆயில் விழுந்ததும் முள் இரண்டு மூன்று அங்குலம் துள்ளி ஏறி, ஆயில் உறிஞ்சப்பட்டதும் மறுபடி இறங்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் கேஜின் அருமை புரியும். அடுத்து எஸ்.யூ. கார்ப்பரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டில். அதன் நுனியை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லப் பக்கவாட்டில் அழுத்துங்கள். முள் அசைந்தால் ஸ்பிண்டில் புஷ் தேய்ந்திருக்கிறது. கிட்டில் வரும் வாஷரும் கேஸ்கெட்டும் அதைக் குணப்படுத்தாது, பாடியை போர் போட்டுப் புஷ் இறக்க வேண்டும். இ20 பெட்ரோலில் உள்ள எத்தனாலே ஆக்ஸிஜனைக் கொண்டுவருவதால் பழைய ஜெட் அளவில் மிக்ஸ்சர் ஏற்கெனவே லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவு. அதன்மேல் சிறிய ஏர் லீக் சேர்ந்தாலும் கார்ப்பரேட்டர் துப்பத் தொடங்கும்.

நெடுநாள் ஷெட்டில் கிடந்த வண்டி என்றால் சைலன்சரையும் பாருங்கள். உள்ளே துரு உதிர்ந்திருக்கும், குளவி கூடு கட்டியிருக்கும். 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்தால் முதலில் சரியாகக் காட்டிய முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். எக்ஸாஸ்ட் பைப் கிளாம்ப்பைத் தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள், இறக்கம் நின்றால் அடைப்புதான்.

கேஜ் எந்த சிலிண்டர் என்று சொல்லாது. 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் போர்ட், 3, 4-க்கு இன்னொன்று, எல்லாம் ஒரே மேனிஃபோல்டில். இன்சுலேட்டட் பிளையரால் பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்தால் முள் இறங்கவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அங்கே கம்ப்ரஷன் டெஸ்டர் வேண்டும். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. புது ரிங் அமர்வதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், முதல் நாள் ரீடிங் ஓர் அங்குலம் குறைந்தால் பதற வேண்டாம்.

கிட்டின் பலவீனம் ஹோஸும் பிளாஸ்டிக் டீயும். ஹோஸ் எக்ஸாஸ்ட்டுக்கு மேலே தொங்கினால் சில நிமிடங்களில் உருகி ஒட்டிக்கொள்ளும். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர்ஸ் கடைகளில் ஒன்றரை மீட்டர் ஃப்யூயல் ஹோஸும் பித்தளை டீயும் வாங்கி முதல் நாளே மாற்றிவிடுங்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டியில் பி.எஸ்.ஐ. ஸ்கேலும் உதவும். கார்ப்பரேட்டர் பைப்பில் டீ போட்டு ஸ்லோ ஸ்பீடில் பார்த்தால் ஒன்றரைக்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும், 3-ஐத் தாண்டினால் ஃப்ளோட் நீடில் தாங்காமல் பெட்ரோல் வழியும். வேக்கம் சோதனையை எப்போதும் முதலில் முடித்துவிட்டுப் பம்புக்குப் போங்கள். பிறகு கேஜைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தங்கிய பெட்ரோலை வடித்து, ஹோஸைக் காற்றில் உலரவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.